சூப்பர் காரில் தினமும் பாலம் கடக்க முடியுமா?

பாகான் டாலாம் சாலையோரக் கடைகளில் மாலைத் தேநீர் நேரத்தில் உட்கார்ந்திருப்பவர்களை எந்த வண்டியும் எளிதில் திரும்பிப் பார்க்க வைத்துவிடாது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சல் அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் தரையோடு தரையாகப் படுத்தபடி, உறுமிக்கொண்டு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தால் நிலைமையே வேறு. தே தாரிக் கிளாஸ் மேசைக்கு இறங்கும். கைப்பேசி மேலே எழும்பும். இளைஞர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தக் கார் கண்ணை விட்டு மறைந்ததும் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஒரு நாள் இதே மாதிரி ஒண்ணு வாங்கணும்டா!"

ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் வாங்கிய பிறகு என்ன நடக்கும்? கல்லூரிக்கும் வேலைக்கும் சந்தைக்கும் அதை ஓட்டிப் போக முடியுமா? மாணவர்களே, இன்று இதைக் கொஞ்சம் கணிதம், கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் வரவு செலவு என்று பிரித்துப் பார்க்கலாம்.

ஒரு திங்கட்கிழமை காலை. உங்கள் வீடு பாகான் டாலாமில். வேலை தீவுப் பக்கம் ஜோர்ஜ்டவுனில். யாரோ ஒரு புண்ணியவான் லம்போர்கினி ஹுராக்கான் காரின் சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2014இல் வெளிவந்த முதல் வகை. ஓட்டுநருக்குப் பின்னால் 5,204 சிசி கொள்ளளவு கொண்ட 10 சிலிண்டர் என்ஜின். 610 குதிரைத் திறன். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 3.2 விநாடி போதும். உச்ச வேகம் மணிக்கு 325 கிலோமீட்டர். புறப்படலாம்.

முதல் சோதனை: வேகத்தடை

வீட்டை விட்டு வெளியே வந்ததுமே தாமான் சாலையில் வேகத்தடை நிற்கிறது. இங்கேதான் முக்கோணவியல் பாடம் உதவிக்கு வருகிறது.

காரின் மூக்குப் பகுதி தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருப்பதாகவும், முன் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து ஒரு மீட்டர் முன்னே நீண்டிருப்பதாகவும் கொள்வோம். 12ஐ 100ஆல் வகுத்தால் 0.12. டான்ஜென்ட் மதிப்பு 0.12 ஆக உள்ள கோணம் ஏறத்தாழ 6.8 பாகை. அதாவது, 6.8 பாகைக்கு மேல் செங்குத்தாக இருக்கும் எந்த ஏற்றத்தில் ஏறினாலும் மூக்குதான் முதலில் இடிக்கும்.

அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவு என்றால் அதன் கோணம் 7.1 பாகை. சாதாரணக் கண்ணுக்கு இது ஒரு பெரிய ஏற்றமே இல்லை. நம் சூப்பர் காரோ அங்கேயே 'கர்ர்ர்' என்று உரசும். உரசுவது வெறும் பிளாஸ்டிக் பம்பர் அல்ல. பல மாடல்களில் அது விலையுயர்ந்த கார்பன் இழைப் பாகம்.

அதே கணக்கைச் சாதாரணச் சிறிய காருக்குப் போடுவோம். மூக்கின் உயரம் 18 செ.மீ., முன் நீட்சி 75 செ.மீ. என்றால் கோணம் 13.5 பாகை. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பள்ளி வேன்களும் மைவியும் யோசிக்காமல் ஏறி இறங்கும் இடத்தில் சூப்பர் கார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

தயாரிப்பாளர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். ஒரு பொத்தானை அழுத்தினால் காரின் முன்பகுதி ஏறத்தாழ 4 செ.மீ. உயரும் வசதியைப் பல சூப்பர் கார்களில் வைத்திருக்கிறார்கள். 12 செ.மீ. 16 ஆகும், கோணம் 9.1 பாகையாகும், அந்தச் சரிவில் உரசாமல் ஏறிவிடலாம். ஆனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் நின்று, பொத்தானை அழுத்தி, மூக்கு உயரும்வரை காத்திருக்க வேண்டும். பின்னால் வரும் கப்சாய் மோட்டார் சைக்கிள்காரர் ஹார்ன் அடிப்பதைக் கேட்டபடிதான்.

இரண்டாவது சோதனை: லாரி ஓட்டுநரின் கண்

துறைமுகச் சாலைக்கு வந்துவிட்டோம். முன்னாலும் பக்கத்திலும் கண்டெய்னர் லாரிகள்.

ஹுராக்கானின் மொத்த உயரம் 1.165 மீட்டர். ஆண்டு 1இல் படிக்கும் பல பிள்ளைகள் அதன் கூரைக்கு மேலே தலை தெரிய நிற்பார்கள். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்கு, தன் வண்டியின் பக்கவாட்டில் ஒட்டி வரும் இவ்வளவு தாழ்வான கார் கண்ணாடியில் தெரியாமலே போகலாம். 610 குதிரைத் திறன் இருந்தும், லாரி தடம் மாறும்போது அந்தக் காரில் இருப்பவர் மோட்டார் சைக்கிளோட்டியைப் போலவே எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்தான்.

ஓட்டுநரின் பார்வையும் சிக்கல்தான். என்ஜின் பின்னால் இருப்பதால் பின்கண்ணாடி வழியே சிறு கீற்றுதான் தெரியும். காரின் அகலமோ பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1.92 மீட்டர். மைவியின் அகலம் 1.735 மீட்டர். வித்தியாசம் ஒரு சாண் அளவுதான். ஆனால் உலகப் பாரம்பரிய நகரமான ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீட்டுத் தெருக்களில், இருபுறமும் வண்டிகள் நிற்கும்போது, அந்த ஒரு சாண்தான் நம்மை வியர்க்க வைக்கும்.

மூன்றாவது சோதனை: கடலைக் கடப்பது

தீவுக்குப் போக மூன்று வழிகள். ஃபெர்ரி, பினாங்குப் பாலம், இரண்டாவது பாலம்.

பாகான் டாலாம்வாசிக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது ஃபெர்ரிதான். ஆனால் 2021 தொடக்கத்திலிருந்து அதில் கார்களை ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்டில் சேவைக்கு வந்த நான்கு புதிய ஃபெர்ரிகளும் பயணிகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் மட்டுமே. ஒவ்வொன்றிலும் 250 பேரும் 50 மோட்டார் சைக்கிள்களும் போகலாம். ஆகவே, உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் தன் பழைய ஹோண்டா கப்சாயில் ஃபெர்ரி ஏறும்போது, நீங்கள் சூப்பர் காரில் பிறை வரை போய்ப் பாலம் ஏற வேண்டும்.

1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் முழுப் பாலத்தையும் கடக்க 10 நிமிடமும் சில விநாடிகளும் ஆகும். மைவிக்கும் அதே 10 நிமிடம். லம்போர்கினிக்கும் அதே 10 நிமிடம். காலை நெரிசலில் வேகம் 20 கிலோமீட்டராகக் குறைந்தால் இருவருக்கும் 40 நிமிடம். 325 கிலோமீட்டர் உச்ச வேகம் அங்கே ஒரு பைசாவுக்கும் பயன்படாது.

"வரம்பை மீறி 160இல் போனால்?" என்று கேட்கலாம். பாதி நேரம், அதாவது 5 நிமிடம் மிச்சமாகும். அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். பிரேக் அழுத்தி நிறுத்த வேண்டிய ஆற்றலும் நான்கு மடங்கு. மோதினால் உடல் தாங்க வேண்டியதும் நான்கு மடங்கு. முன்னால் ஏதோ ஆபத்து என்று மூளை உணர்ந்து கால் பிரேக்கைத் தொடுவதற்கு ஒரு விநாடி ஆகிறது என்று கொண்டாலும், 80 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் 22 மீட்டர் கடந்திருப்போம்; 160இல் 44 மீட்டர். பிரேக் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் அந்த ஒரு விநாடியை அது குறைத்துத் தராது. அது காரின் விநாடி அல்ல, மனிதனின் விநாடி.

நான்காவது சோதனை: வெயிலும் வெள்ளமும்

பாலத்தில் வண்டி நத்தையாய் ஊர்கிறது. பெரிய என்ஜின் பெரும் வெப்பத்தை உண்டாக்கும். வேகமாக ஓடும்போது காற்று புகுந்து அதைக் குளிர்விக்கும்படிதான் இத்தகைய கார்களின் உடல் செதுக்கப்பட்டிருக்கிறது. நிற்கும் வண்டிக்குள் காற்று புகாது. விசிறிகள்தான் முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும். நம் ஊர் வெயிலில், முதுகுக்குப் பின்னால் அடுப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல்தான்.

வெயில் போய் மழை வந்தால் வேறொரு சிக்கல். 2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பினாங்கைப் புரட்டிப் போட்ட பெருவெள்ளத்தை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பட்டர்வொர்த்திலும் வீடுகள் மூழ்கின. அப்படிப்பட்ட பெருவெள்ளம்கூட வேண்டாம். ஒரு மணி நேரக் கனமழையில் சாலையில் முழங்காலுக்குக் கீழே தேங்கும் தண்ணீரே தாழ்வான காருக்குப் போதும். என்ஜின் காற்றை இழுக்கும் இடத்தில் தண்ணீர் புகுந்தால், அது சிலிண்டருக்குள் போய்விடும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோதி, அதைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். என்ஜின் அத்தோடு முடிந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி காருக்கும் பொருந்தும்.

ஐந்தாவது சோதனை: சாலை வரிக் கணக்கு

இப்போது பணத்துக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் உள்ள பெட்ரோல் காருக்கான சாலை வரி, என்ஜினின் சிசி அளவைப் பொறுத்தது. 1,401 முதல் 1,600 சிசி வரை ஆண்டுக்கு 90 வெள்ளி. அதற்கு மேல் படிப்படியாக ஏறி, 3,000 சிசியைத் தாண்டினால் 2,130 வெள்ளியோடு, தாண்டிய ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 சென் சேரும்.

1.5 லிட்டர் மைவிக்கு 90 வெள்ளி. ஹுராக்கானுக்கு? 5,204இலிருந்து 3,000ஐக் கழித்தால் 2,204. அதை 4.50ஆல் பெருக்கினால் 9,918. அதோடு 2,130ஐக் கூட்டினால் 12,048 வெள்ளி. மைவியைவிட ஏறக்குறைய 134 மடங்கு! கார் வீட்டு வாசலிலேயே நின்றாலும் நாளொன்றுக்கு 33 வெள்ளி கரைந்துகொண்டிருக்கும்.

இது வரி மட்டும்தான். இத்தகைய என்ஜின்களுக்கு ரோன் 97 அல்லது அதற்கும் மேலான பெட்ரோலையே தயாரிப்பாளர்கள் பரிந்துரைப்பது வழக்கம். ரோன் 97க்கு அரசாங்க மானியம் இல்லை. முழுமையாக இறக்குமதி செய்யப்படும் காரின் விலையில் இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி மூன்றும் சேர்ந்திருக்கும். காரின் மதிப்பு உயர உயரக் காப்புறுதிக் கட்டணமும் உயரும். ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராமல் ஓட்டினால் 55 விழுக்காடு வரை கழிவு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் சரிவுப் பாதையில் உரசிய மூக்குக்காக ஒரு முறை இழப்பீடு கோரினால் அந்தக் கழிவு போய்விடும்.

சரி, பொருள்கள்? ஹுராக்கானின் முன்பக்கப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 100 லிட்டர். ஒரு பள்ளிப்பை, ஒரு மடிக்கணினிப் பை. தீபாவளிக்கு அம்மா வாங்கும் 10 கிலோ அரிசி மூட்டையை வைத்தால் முறுக்கு டின்னை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இருக்கைகளோ இரண்டே இரண்டு. அப்பாவும் அம்மாவும் கோயிலுக்கு வருவதானால் ஒருவர் கிராப் கூப்பிட வேண்டியதுதான்.

அப்படியானால் யாருமே தினமும் ஓட்டியதில்லையா?

ஓட்டியிருக்கிறார்கள். அதில் மிகவும் பிரபலமானவர் நாம் சிரித்து மகிழ்ந்த 'மிஸ்டர் பீன்' ரோவன் அட்கின்சன். நடிகராகும் முன் அவர் மின்பொறியியல் படித்து முதுகலைப் பட்டம் பெற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. 1997இல் அவர் வாங்கிய கார் மெக்லாரன் எஃப்1. மொத்தம் 106 கார்களே தயாரிக்கப்பட்டன. 1998இல் மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு உலகச் சாதனை படைத்த வகை அது.

பலர் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தபோது, அட்கின்சன் அன்றாட வேலைகளுக்கும் எடுத்துச் சென்றார். ஏறத்தாழ 66,000 கிலோமீட்டர் ஓட்டினார். 2011இல் நேர்ந்த விபத்தில் அவர் தோளில் காயத்தோடு தப்பினார், காரோ உருக்குலைந்தது. பழுதுபார்க்க ஓராண்டுக்கு மேல் பிடித்தது. காப்புறுதி நிறுவனம் கொடுத்த தொகை சுமார் 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு. 2015இல் அதே காரை அவர் ஏறத்தாழ 80 லட்சம் பவுண்டுக்கு விற்றார்.

ஆக, முடியும். ஆனால் யாரால் முடியும் என்பதையும் அந்தத் தொகைகளே சொல்லிவிடுகின்றன.

அந்த மெக்லாரன் காரை வடிவமைத்தவர் கோர்டன் மரே. உலகின் மிக வேகமான காரை உருவாக்கிக்கொண்டிருந்தவர் தன் அன்றாடப் பயணத்துக்கு எதைப் பயன்படுத்தினார் தெரியுமா? ஹோண்டா என்எஸ்எக்ஸ். 1990இல் வெளிவந்த இந்தக் கார்தான், சூப்பர் கார் என்றால் ஓட்டுபவரைப் படாதபாடு படுத்தும் என்ற எண்ணத்தை மாற்றியது. உடல் முழுவதும் அலுமினியம். 3 லிட்டர் என்ஜின். போர் விமான ஓட்டியின் அறையைப் பார்த்து அமைக்கப்பட்ட, நாலாபுறமும் நன்றாகத் தெரியும் கண்ணாடிகள். ஃபார்முலா 1 வெற்றி வீரர் அயர்டன் சென்னா அதை ஓட்டிப் பார்த்துச் சொன்ன யோசனைகளும் அதில் அடங்கும்.

இதில் பினாங்குக்காரர்கள் ரசிக்க ஒரு விஷயம் உண்டு. நம் நாட்டுக்கு ஹோண்டா மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து பரப்பியவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. ஃபெர்ரியில் ஏறிப் போகும் கப்சாயும், கோர்டன் மரே விரும்பி ஓட்டிய என்எஸ்எக்ஸும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எளிதில் கிளம்ப வேண்டும், எல்லாரும் ஓட்ட முடிய வேண்டும், நடுவழியில் காலை வாரக் கூடாது என்ற ஒரே குணம்தான் இரண்டிலும்.

1963இல் அறிமுகமான போர்ஷே 911 காரும் இதே பாதைதான். பின்னால் இரண்டு சிறிய இருக்கைகள், முன்னால் பயன்படும் அளவுக்குப் பெட்டி, பக்குவமான அகலம். 2017இல் பத்து லட்சமாவது 911 தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. தினமும் பயன்படுத்த முடிந்ததால்தான் அந்த எண்ணிக்கை.

நமக்குச் சொந்தமாக இருந்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

இன்னொரு கதை நம் நாட்டோடு நேரடியாகத் தொடர்புடையது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற லோட்டஸ் நிறுவனத்தை 1996இல் நம் புரோட்டோன் வாங்கியது. அதே ஆண்டில் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸ், உலகமே பேசிய ஸ்போர்ட்ஸ் கார். 2017இல் சீனாவின் ஜீலி நிறுவனம் லோட்டஸின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கும்வரை அந்தக் குதிரையின் கடிவாளம் மலேசியர் கையில் இருந்தது.

எலீஸின் ரகசியம் பெரிய என்ஜின் அல்ல; குறைந்த எடை. முதல் எலீஸின் எடை 725 கிலோகிராம் அளவுதான். நம் மைவியைவிட இலேசு! அலுமினியச் சட்டங்களைப் பற்றவைக்காமல் பசையால் ஒட்டிச் செய்த அதன் அடிச்சட்டம் 70 கிலோகூட இல்லை. நியூட்டனின் இரண்டாம் விதியை நினைத்துப் பாருங்கள். அதே விசைக்கு எடை குறைந்தால் முடுக்கம் கூடும். எடை குறைந்தால் பிரேக்குக்கு வேலை குறைவு, டயர் தேய்மானம் குறைவு, பெட்ரோலும் குறைவு.

1,796 சிசி என்ஜினுக்கு நம் சாலை வரிக் கணக்கைப் போடுவோம். 1,600 சிசியைத் தாண்டினால் அடிப்படை வரி 200 வெள்ளி. மிச்சமுள்ள 196 சிசிக்கு 40 சென் வீதம் 78 வெள்ளி 40 சென். மொத்தம் 278 வெள்ளி 40 சென். ஹுராக்கானின் 12,048 எங்கே, இது எங்கே!

எலீஸிலும் குறைகள் உண்டு. கதவுக்குக் கீழே உயரமான சட்டத்தைத் தாண்டி உடலை வளைத்து நுழைய வேண்டும். பெட்டி சிறியது. சத்தம் அதிகம். ஆனாலும் அது கற்றுத்தரும் பாடம் பெரியது. ஓட்டும் மகிழ்ச்சிக்கு வேண்டியது பணமும் பெரிய என்ஜினும் மட்டுமல்ல. சிந்தித்துச் செய்த வடிவமைப்பும்தான்.

நம் வாசலில் நிற்கும் கார்

இவ்வளவும் எதற்குச் சொல்கிறோம்? நம்மில் பெரும்பாலோர் லம்போர்கினி வாங்கப் போவதில்லை. ஆனால் அந்த ஆசையின் சிறிய வடிவம் நம் தாமான்களில் தினமும் நடமாடுகிறது.

எஸ்.பி.எம். முடித்து, வேலையில் சேர்ந்து, முதல் சம்பளம் வாங்கியதும் முதல் எண்ணம் கார். 70,000 வெள்ளிக் கடனை, 3 விழுக்காடு சம வட்டியில், 9 ஆண்டுகளுக்கு எடுத்தால் வட்டி மட்டும் 18,900 வெள்ளி. மாதத் தவணை 823 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளம் வாங்குபவரின் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி தவணைக்கே போய்விடும். பெட்ரோல், டோல், காப்புறுதி, டயர் எல்லாம் அதற்கு மேல். 19 வயதில் கையெழுத்துப் போட்டால் 28 வயது வரை அந்தத் தவணை தொடரும். இடையில் டிப்ளோமா படிக்க வாய்ப்பு வந்தாலும், "தவணை கட்டணுமே" என்று தயங்கி நிற்கும் இளைஞர்கள் எத்தனையோ பேர். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

அடுத்து, காரைத் தாழ்த்துவது. ஸ்பிரிங்கை வெட்டி, அகலமான டயர் போட்டு, எக்ஸாஸ்ட் குழாயை மாற்றிச் சத்தத்தைக் கூட்டினால் மைவி சூப்பர் கார் ஆகிவிடுமா? கொஞ்சம் யோசியுங்கள். சூப்பர் கார் தாழ்வாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கேற்ற சஸ்பென்ஷனும் பிரேக்கும் மூக்கை உயர்த்தும் பொத்தானும் அதில் உண்டு. நாம் தாழ்த்திய காரில் இவை எதுவும் இல்லை. வேகத்தடையில் உரசல், குழியில் குலுக்கல், அப்பாவின் முதுகுவலி, சாலைப் போக்குவரத்து இலாகாவின் சம்மன் என்று சூப்பர் காரின் தொல்லைகளை மட்டும் காசு கொடுத்து வாங்கியிருப்போம்.

இதைவிடக் கவலையானது நள்ளிரவுப் பந்தயம். இருவர் போட்டி போடும் சாலையில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். இரவு வேலை முடித்துக் கப்சாயில் வீடு திரும்பும் ஒரு தொழிற்சாலைப் பெண்ணாக இருக்கலாம். நம் தாயாகவோ அக்காவாகவோகூட இருக்கலாம். 44 மீட்டர் கணக்கை அவர் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். நாம்தான் போட வேண்டும்.

வேகத்துக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் பந்தயத் தடம் 5.543 கிலோமீட்டர் நீளம். பொதுமக்கள் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டும் நாள்களும் அங்கே உண்டு. 2001இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் கால் பதித்த முதல் மலேசியர் அலெக்ஸ் யூங். கோயம்புத்தூரிலிருந்து புறப்பட்டு, 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் சிப்பாங்கில் ஓட்டியவர்தான். தலைக்கவசமும் மருத்துவக் குழுவும் தயாராக இருக்கும் தடத்தில், எதிரே யாரும் வராத திசையில் ஓடினார்கள்.

ஆசையைப் படிப்பாக மாற்றுங்கள்

காரைப் பார்த்து வியக்கும் கண் உங்களுக்கு இருக்கிறது என்றால், அதை வீணாக்காதீர்கள். அந்த மூக்கு ஏன் அப்படி வளைந்திருக்கிறது, பிரேக் ஏன் சிவந்து போகிறது, ஒரு பொத்தானில் கார் எப்படி உயர்கிறது என்று கேட்கத் தொடங்கினால் நீங்கள் பாதி பொறியியலாளர்.

வாய்ப்பு தொலைவிலும் இல்லை. 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் வளர்ந்த மாநிலம் நம்முடையது. இன்றைய கார் சக்கரத்தின் மேல் ஓடும் ஒரு கணினி. அதற்குத் தேவையான சில்லுகளைச் சோதிக்கும் மையத்தைப் போஷ் நிறுவனம் 2023இல் நம் பெருநிலப் பகுதியிலேயே திறந்தது. பாலிடெக்னிக்குகளிலும் தொழில்திறன் கல்லூரிகளிலும் வாகனத் தொழில்நுட்பம், மின்னணுவியல், இயந்திரவியல் பயில வழி இருக்கிறது. படிவம் 4, 5இல் கூடுதல் கணிதத்தையும் இயற்பியலையும் கைவிடாமல் இருந்தால் போதும். கதவு திறந்தே இருக்கும்.

இன்று ஒரு சிறிய பயிற்சி. வீட்டுக் காரின் சாலை வரியை எடுத்து, அதன் சிசி என்ன, வரி எவ்வளவு என்று பாருங்கள். மாதத் தவணை, பெட்ரோல், டோல், காப்புறுதி எல்லாவற்றையும் அப்பா அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு மொத்தத்தை அந்த மாதம் கார் ஓடிய கிலோமீட்டரால் வகுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சென் என்று வரும். உங்களைத் தினமும் பள்ளிக்கும் டியூஷனுக்கும் கொண்டுபோய் விட அவர்கள் எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்பதும் அப்போது தெரியும்.

அடுத்த முறை பாகான் டாலாம் சாலையில் ஒரு சூப்பர் கார் உறுமிக்கொண்டு போனால் தாராளமாக ரசியுங்கள்; படமும் எடுங்கள். அது அடுத்த வேகத்தடையை எப்படித் தாண்டுகிறது என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.